படகு நிறைந்தால்தான் கிளம்பும்: ஸ்கூபாவுக்குக் குழுவோடு போவதும் தனியாகப் போவதும்

அந்தமானில், ஹேவ்லாக் தீவில் நான் டைவ் செய்த கடையின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. மறுநாள் காலை எந்தப் படகு எந்த இடத்துக்குப் போகிறது, யார் யார் ஏறுகிறார்கள், கூட இறங்கும் வழிகாட்டி யார் என்று மாலை ஆறு மணிக்கு மேல் அதில் எழுதுவார்கள். தனியாக வந்தவர்கள் அந்த நேரத்துக்கு டீ குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நடமாடுவார்கள், பரீட்சை முடிவு ஒட்டுகிற நாளில் பள்ளிக்கூட வாசலில் நிற்பது மாதிரி. நானும் நின்றேன். ‘ஜானீஸ் கார்ஜ்’ என்ற தலைப்புக்குக் கீழே என் பெயரும் இன்னொரு பெயரும் இருந்தன. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நாலு பேராவது சேர்ந்தால் படகு போகும். மூன்று மாலைகள் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருந்தது. நாலாம் நாள் எனக்கு ஊர் திரும்ப டிக்கெட்.

அதற்கு முந்தைய முறை அதே தீவுக்குச் சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் குழுவாகப் போயிருந்தோம். அப்போது படகு எங்களுடையது, நாலு பேர் சேர வேண்டும் என்ற கவலை இல்லை. ஆனால் எங்களில் ஐந்து பேர் அப்போதுதான் சான்றிதழ் வாங்கியவர்கள். ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. ஜானீஸ் கார்ஜில் பார்க்க வேண்டியதெல்லாம் அதற்கும் கீழே, இருபத்தைந்து மீட்டர் வாக்கில் தொடங்குகிறது. ஐந்து பேரைப் படகில் உட்கார வைத்துவிட்டு ஏழு பேர் இறங்க முடியாது என்று எளிய இடங்களுக்கே போய்வந்தோம். ஆக, இரண்டு முறையும் நான் பார்க்க நினைத்த இடத்தைப் பார்க்கவில்லை. காரணம் மட்டும்தான் வேறு.

குழுவா தனியா என்ற கேள்வியைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கிறவர்கள் அதிகம். செலவு முக்கியம்தான், அதற்கு வருகிறேன். ஆனால் ஸ்கூபாவில் அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரயிலிலோ பைக்கிலோ தனியாகப் போனால் அது நிஜமாகவே தனிப் பயணம். தண்ணீருக்குள் அப்படி ஒன்று கிடையாது. பயிற்சியின் முதல் நாளே ஜோடி இல்லாமல் இறங்காதே என்றுதான் சொல்லித் தருகிறார்கள். என் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் ஜோடியின் உபரி ரெகுலேட்டரை வாயில் கவ்விக்கொண்டு மேலே வர வேண்டும். தனியாக விமானம் ஏறி, தனியாக அறை எடுத்து, தனியாகச் சாப்பிட்டாலும் படகில் ஏறியதும் நாம் ஒரு குழுதான். அந்தக் குழுவை யார் சேர்த்தது என்பதில்தான் வித்தியாசம்.

தூத்துக்குடி, மன்னார் பக்கம் முத்துக்குளித்த காலத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கீழே இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்துக்கொண்டிருப்பவன் மச்சானாக இருப்பானாம். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, விடமாட்டான் என்பது கணக்கு. மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழி மலையைவிடக் கடலுக்குத்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும். குழுப் பயணம் என்றால் மச்சானை ஊரிலிருந்தே கூட்டிக்கொண்டு போகிறோம். தனிப் பயணம் என்றால் போன இடத்தில் கடைக்காரர் யாரைக் காட்டுகிறாரோ அவரை மச்சானாக ஏற்றுக்கொள்கிறோம். காலை ஏழு மணிக்கு அறிமுகம், எட்டரைக்கு அவர் காற்றை நம்பி இருபது மீட்டர் ஆழம். பலமுறை நல்ல ஆள் அமைந்திருக்கிறார். ஒருமுறை கேமராவோடு வந்த ஒருவர். இறங்கிய ஐந்தாவது நிமிடத்திலிருந்து அவருக்கு நான் ஒருத்தன் இருக்கிறேன் என்பதே நினைவில்லை. நுடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் அவருடைய கால் துடுப்புகளைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு டைவையும் முடித்தேன்.

சரி, பணத்துக்கு வருவோம். டைவ் செலவில் பெரிய பங்கு படகு. டீசல், படகோட்டி, உதவியாள், வழிகாட்டி எல்லாம் ஒருவர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் ஏறத்தாழ ஒரே செலவுதான். பேச்சுக்கு, ஒரு படகை ஒரு நாள் ஓட்ட 24,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் என்றால் தலைக்கு 2,000. நாலு பேர் என்றால் 6,000. இரண்டு பேருக்காகக் கடைக்காரர் அதை வெளியே எடுக்கவே மாட்டார். கடைகள் நபர் கணக்கில் ஒரே விலை வைத்திருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. விலை மாறாது, படகுதான் கிளம்பாது. தனியாகப் போகிறவர் அந்தச் செலவைப் பணமாகக் கொடுக்காமல் நாளாகக் கொடுக்கிறார், பலகையில் இருக்கும் கேள்விக்குறிக்கு முன்னால்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். டைவ் இடம் கரையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குக் குழுவின் பக்கம் தராசு சாயும். பக்கத்தில் இருந்தால் தனியாகப் போவதில் ஒரு நஷ்டமும் இல்லை. இலங்கையில் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு கண்ணுக்கு எட்டும் தூரம். படகுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்கு அடியில் இறங்குவதும் அப்படித்தான். ஐம்பதுகளில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பழைய கோயிலின் தூண்களையும் சிற்பத் துண்டுகளையும் நீருக்கடியில் பார்த்த இடம் அது. அங்கே மே முதல் செப்டம்பர் வரை எந்த வாரமும் தனியாகப் போய்க் கடையில் பேசிக்கொள்ளலாம். படகோட்டியோடு தமிழிலேயே பேசலாம் என்பது நமக்கு மட்டும் கிடைக்கிற சலுகை. இன்று கீழே தண்ணீர் எப்படி என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, கடைக்காரர் ஆங்கிலத்தில் சொல்லும் ‘குட் விசிபிலிட்டி’யைவிட எவ்வளவோ நம்பகம்.

தூரத்தின் மறுகோடியில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை, போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். தீவில் காலை வைக்க அனுமதி இல்லை. சுற்றியுள்ள கடலில் இறங்க வேண்டும் என்றால் படகையே மொத்தமாக எடுத்துக்கொண்டு, அனுமதி வாங்கி, வானிலை பார்த்து, பெரும்பாலும் இரவு படகிலேயே தங்கும் ஏற்பாட்டோடு போக வேண்டும். தனி ஆளுக்கு அது நடக்கிற காரியமில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மீஸ் கப்பலும் அப்படித்தான், காரணம் மட்டும் ஆழம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதைத் தாண்ட வேறு பயிற்சி வேண்டும், கூடுதல் சிலிண்டர்கள், ஹீலியம் கலந்த வாயு, மேலே வரும்போது இடையிடையே நின்று நின்று வரும் நேரக்கணக்கு எல்லாம் வேண்டும். இவ்வளவையும் ஓரிடத்தில் சேர்க்க ஒரு குழுவும் அதற்கு ஒரு பொறுப்பாளரும் இருந்தால்தான் முடியும்.

எல்லோரும் கேட்கும் மாலத்தீவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். குழு, தனி என்ற இரண்டு வழியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, லிவ்அபோர்டு எனப்படும் தங்கும் படகு. பெரும்பாலும் ஏழு இரவு, ஒரு நாளைக்கு மூன்று டைவ். இருபது பேர் வரை ஒரே படகில் சாப்பிட்டுத் தூங்கி, டைவுக்கு மட்டும் கூடவே வரும் தோணியில் ஏறுவார்கள். நம் ஊரிலிருந்து போகும் குழுக்கள் படகை முழுசாகவோ பாதியாகவோ எடுத்துக்கொள்ளும். மற்றது, மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதி. முன்பு வெளிநாட்டவர் சொகுசுத் தீவுகளில்தான் தங்க முடியும் என்றிருந்தது. 2010 வாக்கில் உள்ளூர்த் தீவுகளிலும் விடுதி நடத்தலாம் என்று ஆன பிறகுதான் நடுத்தர வருமானக்காரர்கள் தனியாகப் போகிற ஊராக மாலத்தீவு மாறியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களைச் சுற்றி எடுத்துக்கொள்கிறேன், பருவத்தையும் படகையும் பொறுத்து மாறும். தங்கும் படகுக்கு 1,800 டாலர். அதோடு பசுமை வரி. 2025 ஜனவரியிலிருந்து படகுகளுக்கும் சொகுசுத் தீவுகளுக்கும் ஒரு நாளைக்கு 12 டாலர் என்று இரட்டிப்பாக்கினார்கள், ஏழு நாளுக்கு 84. பணியாளர்களுக்கு அன்பளிப்பு 100, நைட்ராக்ஸ் எனும் ஆக்சிஜன் கூட்டிய காற்றுக்குக் கட்டணம் 100 என்று வைத்தால் மொத்தம் 2,084. பதினெட்டு டைவ் செய்தால் ஒரு டைவுக்கு 116 டாலர், சாப்பாடும் படுக்கையும் உட்பட.

உள்ளூர்த் தீவில் அறை ஒரு நாளைக்கு 70 டாலர், ஏழு நாளுக்கு 490. சாப்பாடு 140. வேகப்படகில் போக வர 100. ஐம்பது அறைக்குக் குறைவான விடுதிக்குப் பசுமை வரி 6 டாலர்தான், ஆக 42. ஒரு டைவ் 60 டாலர் என்று நாளுக்கு இரண்டாக ஆறு நாள், 720. மொத்தம் 1,492. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 124.

ஒரு டைவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஆடம்பரமாகத் தெரிகிற படகுதான் மலிவு. படகு விற்பவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் பர்ஸிலிருந்து போவது என்னவோ 590 டாலர் அதிகம். அப்புறம், பதினெட்டு டைவும் நமக்கு வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மணி அடித்து எழுப்பி, ஈரம் காயாத வெட்சூட்டுக்குள் காலை நுழைக்கச் சொல்லும்போது பலருக்கும் உற்சாகம் இருக்காது. இருந்தாலும் பணம் கட்டியாயிற்றே என்று இறங்குவார்கள். பஃபே சாப்பாட்டில் வயிறு நிறைந்த பிறகும் தட்டை எடுத்துக்கொண்டு போகிற அதே மனசுதான். ஆனால் இங்கே களைத்த உடம்போடு இறங்குவது ஆபத்து. நைட்ரஜன் உடம்பில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

படகுக்கு உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மாலத்தீவின் பவளத்தீவுக் கூட்டங்களுக்குள் கடல்நீர் போகவும் வரவும் இடைக்கிடை வாய்க்கால்கள் உண்டு, அவர்கள் மொழியில் கந்து. வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நீரோட்டம் கிழக்கேயிருந்து மேற்கே போகும். அப்போது கிழக்குப் பக்கத்து வாய்க்கால்களில் தெளிந்த கடல்நீர் உள்ளே வரும், சுறாக்கள் வாயில் நிற்கும். உள்ளே போன நீர் மிதவையுயிர்களை வாரிக்கொண்டு மேற்குப் பக்கமாக வெளியேறும், அங்கே அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் வரும். தென்மேற்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். தங்கும் படகு ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் போய்வரும். உள்ளூர்த் தீவில் அறை எடுத்தவர் எந்தப் பக்கம் எடுத்தாரோ அந்தப் பக்கம்தான். இது தெரியாமல், யாரோ ஒருவரின் ஆகஸ்ட் மாதத்துப் படத்தைப் பார்த்து அதே தீவில் பிப்ரவரிக்கு அறை போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

மறுபுறம், எதைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு உள்ளூர்த் தீவுதான் சரி. புலிச்சுறா என்றால் ஃபுவாமுலா, ஆண்டு முழுக்க வரும். திமிங்கலச் சுறா என்றால் தெற்கு ஆரியில் திகுரா. இன்று வரவில்லையா, நாளைக்கும் அதே இடத்துக்குப் போகலாம், நாளன்றைக்கும் போகலாம். படகில் வந்த குழுவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. காலை இரண்டு மணி நேரம் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் நங்கூரத்தைத் தூக்கிவிடுவார்கள். (உள்ளூர்த் தீவில் மது கிடையாது, படகில் உண்டு. இது சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். எங்கள் குழுவில் ஒருவர் இதை வைத்தே முடிவு செய்தார்.)

குழுப் பயணத்தின் விலையில் ஒளிந்திருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துப் பேரைச் சேர்த்தால் ஒருவருக்கு இலவசம் என்பது படகுகளும் விடுதிகளும் தரும் வழக்கமான சலுகை. அந்த இலவச இடத்தில்தான் பெரும்பாலும் குழுவைக் கூட்டிவரும் பயிற்சியாளர் போகிறார். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆறு மாதம் வாட்ஸப் குழுவில் எல்லோருடைய கேள்விக்கும் பதில் சொல்லி, பாஸ்போர்ட் நகல் வாங்கி, சைவம் யார், முட்டை சாப்பிடுவது யார் என்று கணக்கெடுக்கிறவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஆள் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதை நாம் மறக்கக் கூடாது. ஒன்பதாவது ஆள் கிடைக்காமல் தவிக்கும்போது, பத்து டைவ்கூட முடிக்காதவரிடம் ‘நீரோட்டம் எல்லாம் சமாளிக்கலாம், நாங்க இருக்கோம்ல’ என்று சொல்லத் தோன்றும். அந்த ஒன்பதாவது ஆளின் ஜோடி நாமாக இருந்துவிட்டால் நம் டைவும் போச்சு.

ஹேவ்லாக்கில் எனக்கு அதுதான் நடந்தது. சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) காற்றோடு இறங்கினோம். 50 பார் வந்தால் மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி. என் ஜோடி ஒரு இளைஞர், மூன்று மாதத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் சான்றிதழ் வாங்கியவர். கலங்கலான தண்ணீரில் கற்றுக்கொண்டவருக்கு இவ்வளவு தெளிவாகக் கீழே தெரிந்ததும் கைகால் ஓடவில்லை போலிருக்கிறது. சைக்கிள் மிதிப்பது மாதிரி கால்களை அடித்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டாவது நிமிடம் விரலால் சைகை காட்டினார்: 80. என் மானியில் 130. வழிகாட்டி எங்கள் நாலு பேரையும் சேர்த்துத் திருப்பினார். முப்பத்தொன்றாவது நிமிடம் படகில் இருந்தோம். எனக்கு இன்னும் இருபது நிமிடத்துக்குக் காற்று இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, என் முதல் பத்து டைவில் நானும் அப்படித்தான் மூச்சை இழுத்தேன். யாரோ ஒருவர் எனக்காகத் தன் இருபது நிமிடத்தை விட்டுக்கொடுத்திருப்பார். படகில் ஏறியதும் அந்தப் பையன் நாலு தடவை சாரி சொன்னார், அதுதான் சங்கடமாக இருந்தது.

அதனால் குழுவில் சேருமுன் விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, கூட வருகிறவர்களின் லாக் புக், அதாவது டைவ் பதிவேடு, எப்படி என்பதைத்தான். குறைந்தபட்சம் எத்தனை டைவ் முடித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தால் அதைத் தளர்த்துகிறார்களா? அனுபவத்தின்படி இரண்டு கூட்டமாகப் பிரித்து இரண்டு வழிகாட்டிகளோடு இறக்குவார்களா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆரம்பநிலைக்காரர்களுக்கு இதே விஷயம் மறுபக்கமாகத் திரும்பும். முதல் முப்பது டைவ் வரை தெரிந்த பயிற்சியாளரோடு குழுவாகப் போவதுதான் நல்லது என்பது என் கருத்து. நம் காது எப்போது அடைக்கும், எந்த எடையில் நாம் சமநிலையில் மிதப்போம், பயந்தால் நம் முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். புது ஊர்க் கடைக்காரருக்கு நம் சான்றிதழ் அட்டை மட்டும்தான் தெரியும். மாலத்தீவில் முதல் டைவைச் சோதனை டைவாகச் செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் குழுவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் குதித்துவிட்டால் பன்னிரண்டாவது ஆள், காது வலிக்கிறது என்று சொல்லத் தயங்குவார். தனியாக வந்தவர் ‘இன்னிக்கு வேணாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பது எவ்வளவோ சுலபம். அவர் படுத்ததை அறிய யாருக்கும் ஆர்வமில்லை.

அசம்பாவிதம் ஏதாவது நடந்தால் குழுவில் இருப்பது பெரிய பலம். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குமிழாகி வரும் அழுத்த நோய்க்கு ஆளானவரை அறைக்குள் வைத்து அழுத்தம் ஏற்றிக் குணப்படுத்தும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. அந்தமானில் போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனை, மாலத்தீவில் மாலேக்குப் பக்கத்து பண்டோஸ் தீவு என்று சில இடங்கள்தான். அங்கே கொண்டு போய்ச் சேர்க்க யாராவது போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கை மரத்துப்போய்க் கிடக்கிறவரே காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, ஸ்கூபாவை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கும், அல்லது ஒரு ஆழம் வரைதான் ஒப்புக்கொள்ளும். தனியாகப் போகிறவர் டைவர்களுக்கென்றே உள்ள காப்பீட்டை எடுத்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். குழுவில் போகிறவரும் எடுக்க வேண்டும்தான். குழுவில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் எடுக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பண விஷயத்தில் இன்னும் இரண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாவை விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக இந்திய நிறுவனத்திடம் வாங்கினால் அதன்மேல் டி.சி.எஸ்., அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு காட்டும்போது திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் நம் கையில் இல்லை. தனித்தனியாக நாமே பதிவு செய்தால் இந்தத் தொல்லை கிடையாது. இன்னொன்று முன்பணம். குழுவில் நாம் கட்டுவது ஏற்பாட்டாளர் கணக்குக்கு, படகுக்கு அல்ல. படகின் பெயர் என்ன, முன்பணம் படகுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா, ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஏற்பாட்டாளரோடு கடலுக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

தேதியும் ஒரு செலவுதான். குழுவின் தேதி எட்டு மாதம், பத்து மாதம் முன்னால் நிச்சயமாகிவிடும். அந்த வாரம் கடல் கொந்தளித்தால், காற்று படாத பக்கம் நாலு மீட்டர் ஆழத்தில் கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். தனியாக வந்தவர் நாளைத் தள்ளிப் போடலாம், விடுமுறை அவர் கையில் இருந்தால். அலுவலகத்தில் லீவு வாங்கி வருகிற நம்மில் பலருக்கு அது கையில் இல்லை. ஆகவே தனிப் பயணத்தின் பெரிய நன்மை என்று எல்லோரும் சொல்கிற இந்தச் சுதந்திரம், மாதச் சம்பளக்காரருக்குப் பாதிதான் கிடைக்கும்.

கடைசி நாளில் மட்டும் எல்லோருக்கும் ஒரே விதி. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குறைய, விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வந்து ஒரு இரவு தங்குவதை வீண் செலவு என்று நினைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. அந்த இரவு கணக்கில் இருக்க வேண்டிய இரவு. குழுவில் அதை யாராவது ஏற்கெனவே திட்டத்தில் போட்டிருப்பார்கள். தனியாகத் திட்டம் போடும்போது, ‘கடைசி நாள் காலையிலும் ஒன்று போட்டுவிடலாமே’ என்ற ஆசையைத் தடுக்க ஆளில்லை.

இரண்டையும் செய்து பார்த்த பிறகு இப்போது நான் செய்வது மூன்றாவது ஒன்று: நாலு பேர். முன்பே சேர்ந்து டைவ் செய்தவர்கள், ஏறத்தாழ ஒரே அளவு காற்றுச் செலவு, ஒரே மாதிரி ஆசை. நாலு பேர் என்றால் இரண்டு ஜோடி, இரண்டு அறை, ஒரு வழிகாட்டி. பலகையில் கேள்விக்குறி விழாது. நாலு பேருக்குப் படகு கிளம்பும். யாரும் யாருக்கும் இலவச இடத்தைச் சம்பாதித்துத் தர வேண்டியதில்லை. குறை என்னவென்றால் எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டும், பருவம் பார்ப்பதிலிருந்து கப்பல் டிக்கெட் வரை. தங்கும் படகில் நாலு பேருக்குத் தள்ளுபடியும் கிடைக்காது. தெரியாத பதினாறு பேரோடு கலந்துதான் போக வேண்டும்.

வரும் பிப்ரவரிக்கு இப்படி நாலு பேராக மறுபடி ஹேவ்லாக் போவதாகப் பேசி, அறையும் போட்டாகிவிட்டது. கடைக்காரரிடம் ஜானீஸ் கார்ஜ் என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் நாலில் ஒருவர், தங்கை கல்யாணம் அந்தத் தேதியில் வைத்துவிட்டார்கள், வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவருடைய பாதி அறை வாடகையை யார் ஏற்பது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நாலாவது ஆளாக ஒருவர் பெயரை நண்பர் சொல்கிறார். எத்தனை டைவ் முடித்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.